இயந்திரத்துக்குப் பாடம் எழுதியவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் உயிர்வேதியியல் முதலாண்டு மாணவி. ஐம்பது ஆண்டுகளாக விடுபடாத புரத மடிப்புப் புதிரைச் செயற்கை நுண்ணறிவு விடுவித்துவிட்டது, அதற்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது என்று படித்தேன். இனி ஆய்வகத்தில் புரதங்களைப் படிகமாக்கப் பழகி என்ன பயன்? வேறு துறைக்கு மாறிவிடலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மாற வேண்டாம். நீங்கள் படித்த செய்தி உண்மைதான், ஆனால் கதையின் முன்பாதி அதில் இல்லை.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அவற்றின் வரிசையைக் கொண்டு, அந்தச் சங்கிலி மடிந்து என்ன வடிவம் கொள்ளும் என்று ஆல்ஃபாஃபோல்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் கணிக்கிறது. 2020இல் அதன் இரண்டாம் பதிப்பு காட்டிய துல்லியம் துறையையே அதிரவைத்தது. அதை உருவாக்கிய குழுவின் டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்ப்பரும் வேதியியல் நோபலில் பாதியைப் பெற்றது அதற்காகத்தான். மறுபாதி புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

அந்த இயந்திரம் எதைப் படித்துக் கற்றது? புரோட்டீன் டேட்டா பேங்க் என்னும் பொதுத் தரவகத்திலிருந்த சுமார் 1,70,000 வடிவங்களை. அத்தனையும் மனிதர்கள் சோதனை செய்து கண்டவை, பெரும்பாலும் புரதத்தைப் படிகமாக்கி அதன்மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சி. 1971இல் தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் ஏழு! ஹீமோகுளோபின் என்ற ஒரே புரதத்தின் வடிவத்தைக் காண மாக்ஸ் பெரூட்ஸுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பின்னால் வந்தவர்களுக்கு வேலை சுலபமாயிற்று என்றாலும், படிகம் வளர மறுத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். அப்படிப் பெற்றதை உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தார்கள். எல்லாரும் மனமுவந்து வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் தரவைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர்கள் பலர். தரவகத்தில் சேர்த்தால்தான் கட்டுரையை வெளியிடுவோம் என்று ஆய்விதழ்கள் பிறகு நிபந்தனை விதித்தன. எப்படியோ அத்தனையும் பொதுவுக்கு வந்ததே, நோபலைவிட எனக்குப் பெரிய செய்தி அதுதான்.

கணிப்பு முறைகளைச் சோதிக்க 1994இல் தொடங்கிய காஸ்ப் போட்டியும் இந்தச் சோதனையாளர்களை நம்பித்தான் நடக்கிறது. சோதனையில் கண்டறிந்து, இன்னும் வெளியிடாத வடிவங்களே அங்கே கேள்வித்தாள். பாடநூலை எழுதியவர்களே தேர்வையும் நடத்துகிறார்கள்.

2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் இலவசமாக வெளியாயின. நன்றியோடு பயன்படுத்துங்கள், ஆனால் அவை கணிப்புகள். புரதம் உயிரணுவுக்குள் அசைகிறது, வேறொன்றோடு பிணையும்போது உருமாறுகிறது. சில பகுதிகளுக்கு நிலையான வடிவமே கிடையாது. அத்தகைய இடங்களில் தன் நம்பகத்தன்மை குறைவு என்று ஆல்ஃபாஃபோல்டே பெரும்பாலும் மதிப்பெண் இட்டுக் காட்டுகிறது. உங்களுக்கான வேலை அங்கே காத்திருக்கிறது.

இன்றிரவே அந்தத் தரவகத்தைத் திறந்து, ஜான் கெண்ட்ரூ திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்து ஆராய்ந்த மயோகுளோபின் என்னும் புரதத்தைத் திரையில் சுழற்றிப் பாருங்கள். உங்கள் முதல் படிகம் வளராமல் போகும் நாளில் எனக்கு மீண்டும் எழுதுங்கள். வளர்ந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்