பள்ளி வாத்தியக் குழு: சுருதி, வில், ரவை, கீபோர்டு

9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை வைத்து வாத்தியக் குழு தொடங்குகிறோம். வயலின் எட்டு, குழல் நான்கு, வீணை இரண்டு, மிருதங்கம் இரண்டு. எத்தனை கட்டைச் சுருதி (குழு முழுவதும் ஒத்துப்போக வேண்டிய ‘ஸ’-வின் உயரம்; கட்டை அதன் அளவு) வைக்கலாம்?
– இசை ஆசிரியை, கும்பகோணம்

பாட்டை முடிவு செய்துவிட்டுப் பிறகு சுருதிக்கு வருவதுதான் பல பள்ளிகளில் வழக்கம். அது தலைகீழ் வேலை. எந்த வாத்தியம் வளைந்து கொடுக்காது என்று முதலில் பாருங்கள். மூங்கிலில் துளை போட்டாயிற்று என்றால் குழலின் சுருதி அதுதான். வேறு கட்டைக்கு வேறு குழல் வாங்க வேண்டும். மிருதங்கமும் ஒரு கட்டைக்கு மேல் ஏறி இறங்கினால் நாதம் கெடும். வயலினும் வீணையும்தான் ஓரளவு விட்டுக்கொடுக்கும்.

5 கட்டை வையுங்கள். கடையில் கிடைக்கும் வயலின் தந்திகள் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று சேர்ப்பதற்காகச் செய்தவை. 5 கட்டை என்பது ஜி. கர்நாடக முறையில் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கும்போது தடித்த தந்திகள் இரண்டும் இருந்தபடியே இருக்கும். ஏ தந்தியை ஜி-க்கும், இ தந்தியை டி-க்கும் இறக்கினால் வேலை முடிந்தது. இதே தந்திகளை 1 கட்டைக்கு இறக்கினால் தொய்ந்துபோய், வில் பட்டதும் கரகரக்கும். 5 கட்டைக் குழல் துளைகளும் இந்த வயதுப் பிள்ளைகளின் விரலுக்கு எட்டும். மிருதங்கம் 22 அங்குல நீளத்தில் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் 24 அங்குலத் தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தை 5-க்கு ஏற்றப் பார்க்க வேண்டாம்.

சிக்கல் வீணையில்தான். சில பெரிய வீணைகளில் 5 கட்டைக்கு ஏற்றினால் சாரணி (முதல் வாசிப்புத் தந்தி) அறுந்துவிடும். ஒரு நம்பர் மெல்லிய தந்தி போட்டுப் பாருங்கள். அதற்கும் தாங்காவிட்டால் மொத்தக் குழுவையும் 4½-க்கோ 4-க்கோ இறக்க வேண்டியதுதான். ஆகவே குழலும் மிருதங்கமும் வாங்குவதற்கு முன்பே வீணையைச் சோதித்துவிடுங்கள்.

ஒத்திகையில் சுருதி சுத்தமாகச் சேர்கிறது. மேடையில் மூன்றாவது உருப்படிக்குள் குழலும் வயலினும் பிரிந்துவிடுகின்றன. யார் மீது தவறு?
– ஒருங்கிணைப்பாளர், கோவை

யார் மீதும் இல்லை, வெப்பத்தின் வேலை. காற்று சூடானால் குழலின் சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட 3 சென்ட் (அரைக் கட்டை என்பது 100 சென்ட்). தந்தி சூடானால் நீண்டு தொய்யும், சுருதி இறங்கும். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் சேர்த்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் 32 டிகிரியில் வாசித்தால் குழல் மட்டுமே 24 சென்ட் வரை ஏறிவிடும். தந்தி எதிர்த்திசையில் போவதால் இடைவெளி இன்னும் கூடும், சாதாரணக் காதுக்கே உறுத்தும்.

மேடை விளக்கைப் போட்டு, வாத்தியங்களை இருபது நிமிடம் அங்கேயே வைத்திருந்து, அதன் பிறகு சுருதி சேருங்கள். குழல்காரர்கள் அதற்கு முன் ஐந்து நிமிடமாவது ஊதிச் சூடேற்றட்டும். வயலின் நான்கு தந்திக்கும் சிறு திருகாணி பொருத்துங்கள். மாணவர்கள் பிரடையை (தந்தி சுற்றிய முளையை) திருகினால் பத்து நிமிடம் போய்விடும். சுருதிப்பெட்டி ஒன்றே ஒன்று, ஒலிபெருக்கி வழியாக. ஆளுக்கொரு கைப்பேசிச் செயலி வேண்டாம். குழல் வரிசைக்கு நேரே மின்விசிறி சுழலக் கூடாது. ஊது துளைக்குக் குறுக்கே காற்று அடித்தால் நாதம் உடையும்.

வயலின் பிள்ளைகளை நாற்காலியில் உட்காரவைத்தால் பார்க்க நன்றாக இருக்கிறது. வைக்கலாமா?

கர்நாடக முறையில் கற்றவர்களுக்குக் கூடாது. சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வைப்பதால்தான் இடது கை முழுக்க விடுபட்டுத் தந்தியில் வழுக்கி ஓடுகிறது. நாற்காலியில் அந்தத் தாங்கல் போய்விடும். இடது கையே வயலினைத் தாங்க வேண்டிவரும், கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) அடிபடும். ஓரடி உயர மேடைப் பலகை போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

எல்லோரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது.
– இசை ஆசிரியர், மதுரை

பிரித்துக் கொடுங்கள். ரவிசங்கரையும் டி.கே. ஜெயராம ஐயரையும் கொண்டு அகில இந்திய வானொலி 1952-இல் வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழுவைத் தொடங்கியதிலிருந்து, நம் ராகங்களைப் பல வாத்தியங்களுக்குப் பங்கிடுவது புதிதல்ல. பல்லவி எல்லோருக்கும்; அனுபல்லவி குழலும் வீணையும்; சிட்டைஸ்வரத்தில் (முன்பே அமைத்த ஸ்வரக் கோவையில்) நான்கு வயலின் மத்திய ஸ்தாயி (நடு), நான்கு மந்திர ஸ்தாயி (கீழ்). வாசிக்காத நேரம் இருந்தால்தான் பிள்ளைகள் கேட்கவும் பழகுவார்கள்.

மோகனம், ஹம்ஸத்வனி போன்ற ராகங்களில் தொடங்குங்கள். தோடி, சஹானா எல்லாம் இப்போது வேண்டாம். எட்டுப் பேரிடமும் எட்டு விதக் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) வரும். ஸ்வரத்தாளில் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (தாளச் சுற்றுக்கும்) வில் எந்தத் திசை என்று குறியிடுங்கள். வில் திசை ஒன்றுபட்டாலே பாதி ஒழுங்கு வந்துவிடும், அவையோர் கண்ணுக்கும் காதுக்கும்.

மகன் பத்தாம் வகுப்பு. கீபோர்டுதான் தெரியும். குழுவில் இடம் உண்டா?
– ஒரு தாய், சேலம்

உண்டு, ஆனால் தலைமை வரியில் இல்லை. விசையை அழுத்தினால் ஸ்வரம் நிலையாக நிற்கும். வயலின் அசைக்கும் இடத்தில் அது நின்றால் மோதும். மந்திர ஸ்தாயியில் ஸ, ப, ராகத்தின் நீண்ட ஸ்வரங்கள் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிக்கட்டும். 5 கட்டைக்கு டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) −5 வைத்தால் அவன் பழகிய 1 கட்டை விரலமைப்பிலேயே வாசிக்கலாம். எதிரொலியை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

பொதுத்தேர்வு மாதங்களில் பயிற்சியை நிறுத்தாமல் தினம் இருபது நிமிடமாகக் குறைப்பது நல்லது. வயலின், வீணை மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: சில வாரம் தொடாவிட்டாலே விரல்நுனித் தோல் மெலிந்து, திரும்பத் தொடங்கும்போது வலிக்கும்.

மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) சில நேரம் கும்மென்கிறது, சில நேரம் சத்தமே இல்லை.

தொப்பியில் ஒட்டும் ரவைதான் காரணம். மாவைத் தளரப் பிசைந்து, முதலில் சிறிதாக ஒட்டி, தட்டிக் கேட்டுக் கேட்டுச் சேருங்கள். அதிகமானால் நாதம் அமுங்கும். காய்ந்தால் ஓங்காரம் போய்விடும், விரலில் நீர் தொட்டுத் தடவினால் திரும்பும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். பள்ளி அலமாரியில் ரவையோடு விட்டால் மறுநாள் எறும்பு, மறுவாரம் எலி. வலந்தலையை (வலது பக்கத்தை) கல்லால் தட்டிச் சேர்ப்பதை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். ஒரே இடத்தில் தட்டாமல் எதிரெதிர்க் கண்களாக (வார் கோத்த இடங்களாக) சுற்றிவர வேண்டும்.

சி.பி.எஸ்.இ.-யில் இதைப் பாடமாக எடுக்க முடியுமா?

முடியும். கர்நாடக இசையில் வயலின், வீணை, குழல் போன்றவற்றுக்குப் பாட எண் 032, மிருதங்கத்துக்கு 033. உங்கள் பள்ளி அந்தப் பாடத்தை நடத்துகிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.