தண்டால் எடுக்கும்போது கை நடுங்கி நின்றுவிடுவதற்கு லாக்டிக் ஆசிட்தான் காரணமா?

தம்பி, இருபது தண்டாலுக்கு மேல் கை ஏறமாட்டேன் என்கிறது, மாஸ்டர் லாக்டிக் ஆசிட் என்கிறார், உடம்பில் ஏதும் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். குறை எல்லாம் இல்லை. நான் டாக்டர் கிடையாது, ஆனால் உடற்கல்வி படித்தவன், அதனால் "வாட்ஸப் பார்த்து எழுதுகிறான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம். பொங்கலுக்கு வடலிவிளையில் இளவட்டக்கல் தூக்குவார்கள், பெண்களும் தூக்குவார்கள், நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் உண்டு. ஒரு வருடம் சின்னக் கல்லை நெஞ்சில் அணைத்துத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தச் சூட்டோடு அடுத்த கல்லில் கை வைத்தேன். முழங்கால் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் அசையவில்லை. கூட்டத்தில் நின்ற மாமா ஒருவர் "என்னல, புரோட்டாவா தின்னா இப்படித்தாம்ல" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதே கல்லைத் தூக்கிப் போட்டேன். அதைப் பார்க்க மாமா அங்கே இல்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

புரோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழு மூச்சாகத் தூக்கும்போது தசைக்கு உடனடியாக ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருளைத் தருவது தசைக்குள்ளேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள். அந்த இருப்பு பத்து விநாடி அளவுக்குத்தான் தாங்கும். அது உடைய உடைய செல்லுக்குள் பாஸ்பேட் சேர்கிறது. தசை சுருங்க, செல்லுக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்து கால்சியம் வெளியே வர வேண்டும், இந்தப் பாஸ்பேட் அதையும் குறைக்கிறது, தசை இழைகள் இழுக்கும் வலுவையும் குறைக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு சுருக்கத்திலும் பொட்டாசியம் செல்லை விட்டுக் கசிந்து வெளியே சேர்வதால் நரம்பின் உத்தரவும் மங்குகிறது. மூளையும் தன் பங்குக்கு இழுத்துப் பிடிக்கும். தூக்குகிறவன் கத்திக்கொண்டே தூக்கினால் அந்தப் பிடி தளர்ந்து கூடுதல் வலு வருவதை 1961லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த லாக்டிக் ஆசிட். தவளைத் தசையில் அதை ஆராய்ந்த மேயர்ஹாபுக்கும் தசையின் வெப்பத்தை அளந்த ஹில்லுக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது, அதிலிருந்து எல்லாப் பழியும் அதன் தலையில்தான். ஆனால் லாக்டேட்டை (உடம்புக்குள் லாக்டிக் ஆசிட் இருக்கும் வடிவம் அதுதான்) நம் இதயமே எரித்துப் பயன்படுத்திக்கொள்கிறது. அமிலத்தன்மையின் கெடுதலும் குளிரவைத்த தசையில்தான் பெரிதாகத் தெரிந்தது, உடல் சூட்டை ஒட்டிச் சோதித்தபோது நிறையக் குறைந்துவிட்டது. அமிலத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, பாஸ்பேட்டோடு சேர்ந்தால் அதுவும் படுத்தும். சண்டைக்கு வருகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் வரும் வலிக்கும் லாக்டிக் ஆசிட்டைத்தான் சொல்கிறார்கள். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது, பாரத்தை இறக்கும்போதுதான் அது அதிகம். கல் தூக்கிய மறுநாள் திருநெல்வேலி போய்விட்டுத் திரும்பினேன், கண்டக்டர் ஊருக்குள் போகாது என்று பைபாஸிலேயே இறக்கிவிட்டார். அந்தத் தொடையோடு ராத்திரியில் ஊர் வரைக்கும் நடந்தேன். ஊர்ப் பெயரைப் போர்டில் போட்டுவிட்டு ஊருக்குள் வராமல் போகிற பஸ்ஸை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எத்தனை மனு கொடுத்தாயிற்று.

சரி, உங்கள் விஷயம். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நிமிடமாவது விடுங்கள், கிரியேட்டின் பாஸ்பேட் பெரும்பகுதி அதற்குள் திரும்பிவிடும். மாஸ்டர் முறைத்தால் முறைக்கட்டும். சிறுநீர் மட்டும் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள், அது வேறு விவகாரம்.