மலேசியாவின் பினாங்கில், பாலிக் புலாவில் 2 ஏக்கர் டுரியான் தோட்டம்: சிறிய டிராக்டரோடு பேக்ஹோவும் வாங்கலாமா?

வாங்கலாம், 25 குதிரைத்திறன் போதும். ஆனால் பேக்ஹோவை, அதாவது டிராக்டரின் பின்னால் மாட்டும் தோண்டும் கையை, எங்கே மாட்டுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கலப்பை மாட்டப் பின்னாலிருக்கும் மூன்று முனை இணைப்பில் மட்டும் தொங்கவிட்டால், வாளி டுரியான் வேரில் சிக்கி இழுக்கும்போது முழு விசையும் அங்கேதான் இறங்கும். அந்த இணைப்பின் மேல் கம்பி வளையும். சில நேரம் டிராக்டரின் பின்பக்க வார்ப்பிரும்பே விரிசல் விட்டுவிடும். வண்டியின் அடியில் நீளமாக ஓடும் துணைச் சட்டத்தோடு வருவதையே கேளுங்கள். 6 அடி ஆழம் தோண்டினால் வடிகாலுக்குத் தாராளம்.

அப்புறம் சரிவு. மழை விட்ட மறுநாள் மேட்டு மண் சோப்பு மாதிரி வழுக்கும். கவிழ்ந்தால் காக்கும் சட்டமும் சீட் பெல்ட்டும் இல்லாத பழைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வருடத்தில் இரண்டு நாள் வேலைதான் என்றால், சரி, மினி எக்ஸ்கவேட்டரை (தோண்டுவதற்கென்றே உள்ள சிறிய இயந்திரம்) ஓட்டும் ஆளோடு வாடகைக்கு எடுங்கள்.