கிறிஸ்துமஸின் ஆன்மிகப் பொருள் என்ன?

கடவுளே இயேசு என்ற மனிதராகப் பிறந்தார் என்ற நம்பிக்கைதான் கிறிஸ்துமஸ். தமிழ்க் கத்தோலிக்கர் இதை 'மனுவுருவாதல்' என்பார்கள். பைபிள் இயேசுவுக்குத் தரும் 'இம்மானுவேல்' என்ற பெயருக்கும் 'கடவுள் நம்மோடு' என்றே பொருள்.

ஏன் பிறக்க வேண்டும்? பாவத்தால் விலகிப்போன மனிதரால் தாமாகக் கடவுளிடம் திரும்ப முடியாது, அதனால் அவரே தேடி வந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. காய்ச்சலில் பாயில் கிடக்கும் பிள்ளைக்குக் கட்டிலில் இருந்தபடியே அம்மா ஆறுதல் சொல்லலாம். ஆனால் இறங்கிவந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அந்த இறங்கிவருதல்தான் இது. லூக்கா நற்செய்தியில் குழந்தையைக் கிடத்தியது தீவனத் தொட்டியில். செய்தி முதலில் போனது இரவில் ஆடு காத்த இடையர்களுக்கு. என்னை எப்போதும் நெகிழவைப்பது இந்த இடம்.

கத்தோலிக்கத் திருப்பலி என்ற வழிபாட்டில், நம்பிக்கையைச் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையின்போது 'மனிதர் ஆனார்' என்று வரும் இடத்தில் பெரும்பாலும் தலைவணங்குவார்கள். கிறிஸ்துமஸ் அன்று முழந்தாளிடுவார்கள்.

டிசம்பர் 25 இயேசு பிறந்த தேதி என்று பைபிள் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் தேதியே இல்லை.