வேட்புமனுவை ஆன்லைனிலேயே தாக்கல் செய்துவிட முடியுமா?

முடியாது. ஆன்லைனில் நிரப்பலாம், அவ்வளவுதான். 2020 பீகார் சட்டமன்றத் தேர்தலையொட்டி, கொரோனா விதிமுறைகளோடு தேர்தல் ஆணையம் இந்த வசதியைத் தந்தது. ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் மொபைல் எண் கொடுத்து நுழைந்தால் வேட்புமனு (சட்டமன்றத்துக்குப் படிவம் 2பி, மக்களவைக்கு 2ஏ), சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் இரண்டையும் அங்கேயே நிரப்பி, டெபாசிட்டையும் கட்டலாம். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. எஸ்சி, எஸ்டி வேட்பாளருக்குப் பாதி.

பிறகு அச்செடுத்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33ஆம் பிரிவின்படி வேட்பாளரோ முன்மொழிபவரோ காலை 11 முதல் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரிடம் நேரில் கொடுத்தால்தான் அது தாக்கல். தளத்தில் நேரம் முன்பதிவு செய்திருந்தாலும் கடைசி நாள் 3 மணி என்பது மாறாது.

பெரும்பாலும் சிக்கல் வருவது படிவம் 26-இல்தான். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. சொல்ல ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். தேர்தல் அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகும் காலியாக விட்டால் மனுவையே தள்ளலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் தேவை. நோட்டரியிடம் போய்வந்த பின் தளத்தில் எதையாவது திருத்தி ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிச் செருகாதீர்கள். முழுவதையும் மறுபடி அச்செடுத்துச் சத்தியம் செய்யுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், எல்லோரும் அந்தத் தொகுதி வாக்காளர்கள். அவர்களுடைய பாகம் எண், வரிசை எண்ணைப் பழைய வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பட்டியல் திருத்தத்தில் எண் மாறியிருக்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் வீட்டிலிருந்தே கைநாட்டு வைத்து அனுப்பினால் செல்லாது, அதிகாரி முன்னால் வைக்க வேண்டும். நீங்கள்தான் கட்சி வேட்பாளர் என்று காட்டும் ஏ, பி படிவங்களும் அப்படித்தான்: பேனா மையில் கையெழுத்திட்ட அசல் கடைசி நாள் 3 மணிக்குள் அலுவலர் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் உதவாது.

வேறு தொகுதி வாக்காளராக இருந்தால் உங்கள் பெயருள்ள பட்டியல் பதிவின் சான்றளித்த நகல் வேண்டும். மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். அதற்குத் தளத்தில் பொத்தான் கிடையாது.