கம்போடியாவில் தன்னார்வப் பணி: குழந்தைகளின் படங்களை வீட்டுக்கு அனுப்பலாமா?

கம்போடியாவின் சியாம் ரீப் நகரில் குழந்தைகளுக்கு ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லித்தரப் போவதாகவும், அவர்களோடு எடுக்கும் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

படத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். அநாதை இல்லம் என்றால் தயவுசெய்து போகாதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வெளிநாட்டவர் தரும் பணத்துக்காகவே ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. மாதம் ஒருவர் வந்து கொஞ்சிவிட்டுக் கிளம்பினால், ஒவ்வொரு முறையும் பிரிவைத் தாங்குவது அந்தப் பிள்ளைதான். உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக நிற்கும் வேலை என்றால் சரி, தாராளமாகப் போங்கள்.

அப்புறம் படம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். பள்ளியின் பெயர், இருப்பிடம் எதையும் போடாதீர்கள். குடும்பக் குழுவில் போட்டது எங்கெங்கோ ஃபார்வர்டு ஆகும். அதற்குப் பதில் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். காலையில் பிள்ளைகள் நம்மைப் போலவே கைகூப்பி வணக்கம் சொல்வதையும், அரிசிச் சேமியாவில் மீன் குழம்பு ஊற்றிய நோம் பான் சோக்கின் ருசியையும் சொல்லுங்கள். கரும்பலகை, நீங்கள் செய்த எழுத்து அட்டைகள், தெருமுனைச் சாப்பாட்டுக் கடை, இவற்றைப் படமெடுத்து அனுப்பலாம்.