2 டிபி, 500 ரூபாய்

வணக்கம். பத்து வருடமாகச் சேர்த்த தமிழ் பிடிஎஃப்கள், பெரும்பாலும் ஸ்கேன், 700 ஜிபியைத் தாண்டிவிட்டன. லேப்டாப்பில் இடமில்லை. ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 500 ரூபாய்க்கு வருகிறது. அதில் போட்டு வைத்தால் போதுமா? நண்பர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று ஆசை.
- மு., தேனி

அன்புள்ள மு.,

வாங்காதீர்கள். அந்த விலைக்கு 2 டிபி வராது. உள்ளே சின்னச் சில்லு ஒன்று இருக்கும், 32 ஜிபியோ 64 ஜிபியோ. கம்ப்யூட்டர் கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி, டிரைவை இயக்கும் சில்லான கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். கொடுமை என்னவென்றால், காப்பி ஆகும்போது பெரும்பாலும் ஒரு பிழையும் காட்டாது, இடம் தீர்ந்த பிறகு வருவதைப் பழையதன் மேலேயே எழுதும் அல்லது அப்படியே விழுங்கிவிடும், ஆனால் கோப்புப் பெயர்கள் வரிசையாக நிற்கும், சைஸ்கூடச் சரியாகக் காட்டும், திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஏற்கனவே வாங்கியிருந்தால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

நல்ல பென் டிரைவ் என்றாலும் அது கொண்டுபோய்க் கொடுக்கத்தான். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, வருடக்கணக்கில் செருகாமல் டிராயரில் கிடந்தால் கசிந்து போகலாம். டிவிடி? 2008இல் நாற்பது எழுதி, மேலே மார்க்கரில் ‘சங்கம் 1’, ‘சிற்றிதழ் 3’ என்று குறித்து அலமாரியில் வைத்தேன். எட்டு வருடம் கழித்து எடுத்தால் பதினொன்று படிக்கவில்லை. ஊதா நிற அடிப்பக்கம் ஓரத்தில் வெளுத்திருந்தது, டிரைவ் கர் கர்ரென்று சுற்றியதுதான் மிச்சம்.

ஆகவே 1 டிபி ஹார்டு டிஸ்க், பழைய சுழலும் வகை, இரண்டு வாங்குங்கள். ஒரே 2 டிபி வாங்குவதைவிடக் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். ஒன்று உங்களிடம், மற்றது அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ. வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகி, நாலு கோப்பைத் திறந்து பாருங்கள்.

நண்பர்களுக்கு ஸ்கேன் எதற்கு? மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் நூல்கள் இருக்கின்றன. யுனிகோடை வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலா மூன்று பைட் என்றாலும், முந்நூறு பக்கப் புத்தகம் எழுத்தாக இரண்டு எம்பிக்குள் முடிந்துவிடும். அதே புத்தகம் ஸ்கேனாக ஐம்பது எம்பி சர்வசாதாரணம். நிஜமான 32 ஜிபி டிரைவே தாராளம்.

அந்த மூன்று பைட் இன்னொரு இடத்திலும் கடிக்கும். லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான எக்ஸ்ட்4இல் (ext4) கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, ‘கு’ ஒன்றே ஆறு பைட். நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் தமிழில் பெயராக வைத்தால் (உங்களைப் போன்றவர்கள் வைப்பீர்கள், எனக்குத் தெரியும்) விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், லினக்ஸ் பாதி காப்பியில் நின்றுவிடும். முதலில் பெயர்களைச் சுருக்குங்கள், அப்புறம் டிஸ்க் வாங்கலாம்.